"நேத்து நல்லாத்தான் பறந்துச்சு": கல்லூரி ட்ரோன் மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது

"அண்ணா, நேத்து நல்லாத்தான் பறந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே கிளப் மாணவர்கள் ட்ரோனைத் தூக்கி வருவார்கள். "எதையாவது மாத்துனீங்களா?" என்று கேட்டால் "இல்லண்ணா" என்பார்கள். கொஞ்சம் பொறுத்து, "ஜிபிஎஸ் கம்பம் ஆடுச்சுன்னு எடுத்துத் திருப்பி ஒட்டினோம், அவ்வளவுதான்" என்று வரும். பாதிக் கோளாறு அந்த "அவ்வளவுதான்" என்பதில்தான் இருக்கும். மீதியில் பெரும்பங்கு திருகு, சால்டர், ஒயர். மென்பொருள் கோளாறு என்று கொண்டுவருவதில் உண்மையிலேயே மென்பொருள் தப்பாக இருப்பது குறைவு. அதனால் கீழே எந்த அறிகுறிக்கும் வரிசை ஒன்றுதான்: முதலில் கண்ணும் கையும், அப்புறம் ஸ்க்ரூடிரைவர், அப்புறம் லேப்டாப், கடைசியில்தான் பர்ஸ்.

இது கல்லூரி கிளப்புகளில் அதிகம் புழங்கும் வகைக்காக எழுதியது: எஃப்450 அளவு ஃப்ரேம், 2212 மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), 3எஸ் அல்லது 4எஸ் (மூன்று அல்லது நான்கு செல்) லைபோ பேட்டரி, ஃப்ளைட் கன்ட்ரோலராக பிக்ஸ்ஹாக் போர்டு, அதில் ஓடும் மென்பொருள் ஆர்டுபைலட், அதை அமைக்க லேப்டாப்பில் மிஷன் பிளானர். போட்டிக்குக் கட்டும் பெரிய ஆறு மோட்டார் ஹெக்ஸாவுக்கும் இதே வரிசை பொருந்தும். விழுந்தால் செலவு மட்டும் கூடும்.

## கை வைக்கும் முன்

மேஜை மேல் பேட்டரி இணைக்கிறீர்கள் என்றால் ப்ராப் (விசிறி) நான்கும் கழன்றிருக்க வேண்டும். "சும்மா ஒரு நிமிஷம்தான்" என்பதற்கும் விலக்கு கிடையாது. 10 அங்குல ப்ராப் விரலில் பட்டால் தையல் போட வேண்டிவரும்.

அடுத்தது, எதையும் கழற்றுவதற்கு முன்னால் லாகை, அதாவது போர்டு எழுதிவைக்கும் பறப்புப் பதிவை, இறக்கிவிடுங்கள். எஸ்டி கார்டில் இருக்கும் .bin கோப்பைத் தேதி போட்டுச் சேமியுங்கள், கூடவே போர்டின் அமைப்புகள் உள்ள பாராமீட்டர் கோப்பையும். விழுந்த ட்ரோனை மூன்று பேர் மூன்று பக்கம் பிரித்துப் போட்ட பிறகு "ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல அந்த லாக் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். காம்பஸும் மாற்றி, ப்ராப்பும் மாற்றி, ஃபர்ம்வேரும் (போர்டின் மென்பொருள்) ஏற்றிப் பறக்கவிட்டுச் சரியாகிவிட்டால், எது சரிசெய்தது என்றே தெரியாது. அடுத்த செமஸ்டர் அதே கோளாறு வரும்போது மறுபடி மூன்றையும் செய்துகொண்டிருப்பீர்கள்.

வெளியே சோதிக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் உங்கள் கல்லூரி எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். குரோம்பேட்டை, தாம்பரம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒருபக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம், மறுபக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் என்றால் தரையிலிருந்து ஓரடி எழும்பவும் அனுமதி வேண்டும். கல்லூரி மைதானம்தானே என்பது கணக்கில் வராது.

## அறிகுறி: பேட்டரி போட்டும் உயிரே இல்லை, அல்லது மோட்டார்கள் பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கின்றன

விளக்கே எரியவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனையில் ஒரு அளவு, பவர் மாட்யூலை (பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் தருவது) தாண்டி ஒரு அளவு, ஃப்ரேம் தட்டில் ஒரு அளவு பாருங்கள். எங்கே வோல்ட் காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. எக்ஸ்டி60 இணைப்பில் ஆண் பின்கள் நசுங்கித் தளர்ந்திருப்பதும், தடித்த சிவப்பு ஒயரின் சால்டர் மேலே பளபளவென்றிருந்து உள்ளே ஒட்டாமலிருப்பதும் அடிக்கடி பார்ப்பவை. ஒயரைப் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல சால்டர் அசையாது.

ஃப்ளைட் கன்ட்ரோலர் எரிகிறது, மோட்டார் மட்டும் கத்துகிறது என்றால் இஎஸ்சிக்கு சிக்னல் போகவில்லை. சேஃப்டி சுவிட்ச் அழுத்தினீர்களா? பிக்ஸ்ஹாக்கில் அந்தச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை மோட்டாருக்குக் கட்டளை போகாது. அழுத்தியும் கத்தினால் சிக்னல் ஒயர் தலைகீழாகச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் கத்தினால் அந்த ஒயரை வேறு இஎஸ்சியின் ஒயரோடு மாற்றிச் செருகுங்கள். கத்தல் இடம் மாறினால் போர்டு பக்கம், மாறாவிட்டால் இஎஸ்சி பக்கம்.

பேட்டரி இணைத்ததும் புகை, கருகிய வாடை என்றால் உடனே பிடுங்குங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பாக்கலாம்" என்பது வேண்டாம். தட்டில் ஷார்ட் எங்கே என்று ஆய்வக டெக்னீஷியன் பார்க்கட்டும்.

## அறிகுறி: ஆர்ம் ஆகமாட்டேன் என்கிறது

ஆர்ம் என்பது மோட்டார் சுற்ற அனுமதி கொடுப்பது. ரிமோட்டில் மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் த்ராட்டில் குச்சியைக் கீழே வலப்பக்க மூலையில் ஐந்து விநாடி பிடித்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், காரணம் மிஷன் பிளானர் திரையில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் பாராமீட்டர் பட்டியலில் ஆர்மிங் செக்கை 0 ஆக்குவதுதான் எல்லா கிளப்பிலும் முதல் வைத்தியம். அதைச் செய்யாதீர்கள். ட்ரோன் "எனக்கு இது சரியில்லை" என்று சொல்லும்போது வாயை அடைத்துவிட்டு மேலே அனுப்பினால், அதே புகாரை 20 மீட்டர் உயரத்தில் சொல்லும்.

செய்தி என்னவென்று பார்த்தால் பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான். ஆர்சி கேலிபரேட் ஆகவில்லை என்றால் ரேடியோ அளவீட்டை மறுபடி செய்யுங்கள். த்ராட்டில் அதிகம் என்றால் டிரிம்மை யாரோ மேலே தள்ளியிருப்பார்கள். ஜிபிஎஸ் பிடிக்கவில்லை, ஹெச்டாப் (ஜிபிஎஸ் இடக்கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்ற அளவு) அதிகம் என்றால் நீங்கள் வராந்தாவிலோ மரத்தடியிலோ நிற்கிறீர்கள். திறந்த வெளிக்கு வந்து சில நிமிடம் காத்திருங்கள். நின்ற இடத்தைப் பிடித்து நிற்க ஜிபிஎஸ் தேவைப்படும் லாய்ட்டர் மோடில் ஆர்ம் செய்யப் பார்த்தாலும் இதே செய்திதான் வரும்.

ஆக்சிலரோமீட்டர்கள் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்கள்) ஒத்துப்போகவில்லை என்று வந்தால், வெயிலில் கிடந்து போர்டு சூடேறியிருக்கலாம். நிழலில் வைத்து ஆறவிட்டுப் பாருங்கள், அப்புறமும் வந்தால் சமதளத் தரையில் வைத்து மறுபடி அளவீடு. போர்டு வோல்டேஜ் புகார் என்றால் லேப்டாப் யூஎஸ்பியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், 4.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது புகார் செய்யும். பேட்டரி போட்டதும் போய்விட்டால் கவலையில்லை. காம்பஸ்கள் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இடத்தைவிட்டு முதலில் வெளியே வாருங்கள். ஆய்வகத்தின் இரும்பு மேஜையும் தரைக்குள் இருக்கும் கம்பியும் போதும் காம்பஸைக் கெடுக்க.

ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றி, அளவீடெல்லாம் புதிதாகச் செய்த பிறகும் கைரோ (சுழற்சியை அளக்கும் சென்சார்), ஆக்சிலரோமீட்டர் புகார் போகவில்லை என்றால் போர்டில் சென்சார் போய்விட்டது. அந்தச் சிறு சிப்பைக் கல்லூரி சால்டரிங் இரும்பில் மாற்ற முடியாது. போர்டைத்தான் மாற்ற வேண்டும்.

## அறிகுறி: தரையை விட்டு எழும்பும்போதே கவிழ்கிறது

புதிதாகக் கட்டிய ட்ரோன் முதல்முறை கவிழ்ந்தால் பிஐடியை (ட்ரோனை நிலையாகப் பிடிக்கும் பி, ஐ, டி அளவுகள்) தொடாதீர்கள். இயல்பு அளவுகளில் விட்டாலே இந்த அளவு ட்ரோன் தத்தித் தடுமாறியாவது நிற்கும். எழும்பும் கணத்திலேயே கவிழ்வது என்றால் ஏதோ ஒன்று இடம் மாறியோ திசை மாறியோ இருக்கிறது.

மோட்டார் எண். ஆர்டுபைலட்டின் எக்ஸ் வடிவக் குவாடில் (நான்கு மோட்டார் ட்ரோன்) 1 முன் வலம், 2 பின் இடம், 3 முன் இடம், 4 பின் வலம். வரிசையாகச் சுற்றிவரும் என்று நினைத்து 1, 2, 3, 4 என்று கடிகாரத் திசையில் செருகிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. மிஷன் பிளானரின் மோட்டார் டெஸ்ட் இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கும்: அதிலுள்ள எழுத்துகள் முன் வலத்தில் தொடங்கிக் கடிகாரத் திசையில் போகும். அதாவது முதல் எழுத்து 1ஆம் மோட்டார், இரண்டாவது 4, மூன்றாவது 2, நான்காவது 3. இதை ஒரு தாளில் வரைந்து பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கிளப்பில் மனப்பாடம் ஆகாது.

சுழலும் திசை. 1, 2 இரண்டும் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. 3, 4 கடிகாரத் திசை. ப்ராப் இல்லாமல் சுற்றவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தை ஓரத்தில் தொட்டுப் பார்த்தால் திசை தெரியும். தப்பாக இருந்தால் அந்த மோட்டாரின் மூன்று ஒயரில் எந்த இரண்டையும் மாற்றிச் செருகினால் போதும்.

ப்ராப். எழுத்து அச்சிட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும், அந்த மோட்டாரின் திசைக்கு உரிய ப்ராப் அதில் இருக்க வேண்டும். தானே இறுகும் நட்டு உள்ள மோட்டார்களில் ஒன்று கூடுதல்: மோட்டாரை இடம் மாற்றி ஒயரைத் திருப்பித் திசையைச் சரிசெய்துவிட்டால், மரை எதிர்ப்பக்கமாகிவிடும். சுற்றச் சுற்ற நட்டு கழன்றுகொண்டே வரும், ப்ராப் பறந்துபோகும். மரையும் திசையும் பொருந்துகிற இடத்தில்தான் அந்த மோட்டாரைப் போட வேண்டும்.

போர்டின் அம்புக்குறி. முன்பக்கம் பார்க்கிறதா? இடமில்லை என்று 90 டிகிரி திருப்பி ஒட்டியிருந்தால் அதைப் பாராமீட்டரில் சொன்னீர்களா?

மோட்டார் எண்ணையும் போர்டின் திசையையும் ஒரே சோதனையில் உறுதிசெய்யலாம். ப்ராப் இல்லாமல் ஸ்டெபிலைஸ் மோடில் (சாய்வை மட்டும் நேராக்குவது) ஆர்ம் செய்து, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றி, ட்ரோனைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாயுங்கள். வலப்பக்க மோட்டார்கள் வேகமெடுக்க வேண்டும். முன்னால் சாய்த்தால் முன்னிரண்டு. வேறு எது வேகமெடுத்தாலும் மைதானத்துக்குப் போகாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மூலை மட்டும் தாமதமாகக் கிளம்பினால் இஎஸ்சி அளவீட்டை நான்குக்கும் சேர்த்துச் செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று உரசினால் பேரிங் போயிருக்கிறது.

## அறிகுறி: லாய்ட்டரில் விட்டால் வட்டமடிக்கிறது, வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். ஸ்டெபிலைஸிலோ, உயரத்தை மட்டும் பிடிக்கும் ஆல்ட் ஹோல்டிலோ காற்றடிக்கும் பக்கம் ட்ரோன் நகர்ந்தால் அது கோளாறே இல்லை. அந்த மோடுகள் இடத்தைப் பிடித்து நிற்பதில்லை. "சார், டிரிஃப்ட் ஆகுது" என்று வருவதில் பல இந்த வகைதான்.

ஜிபிஎஸ்ஸை நம்பி நிற்க வேண்டிய லாய்ட்டரில் சுழன்று சுழன்று வட்டம் விரிகிறது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை, காம்பஸ்தான். வடக்கு எது என்பதில் தப்பு இருப்பதால், இடத்தைச் சரிசெய்ய அது எடுக்கும் ஒவ்வொரு அடியும் கோணலாகப் போகிறது. உடனே ஸ்டெபிலைஸுக்கோ ஆல்ட் ஹோல்டுக்கோ மாற்றி இறக்குங்கள். ஆர்டிஎல்லை (கிளம்பிய இடத்துக்குத் தானாகத் திரும்பும் மோடு) அழுத்திவிடாதீர்கள், அதுவும் அதே காம்பஸை நம்பித்தான் வீடு திரும்பும்.

இறக்கியபின் சோதனை இப்படி. ட்ரோனைத் திறந்த வெளியில், இரும்பு வேலியும் பைக்கும் இல்லாத இடத்தில் வையுங்கள். போன் காம்பஸைச் சில அடி தள்ளிப் பிடித்து வடக்கு பாருங்கள். ட்ரோன் மூக்கை வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று திருப்பி மிஷன் பிளானர் காட்டும் திசையோடு ஒப்பிடுங்கள். நான்கிலும் ஒரே அளவு பிசகினால் ஜிபிஎஸ் தலை திரும்பியிருக்கிறது, வெளிக் காம்பஸும் அதற்குள்தான். இதுதான் அந்த "திருப்பி ஒட்டினோம், அவ்வளவுதான்". மூடி மேல் உள்ள அம்பைப் போர்டின் அம்போடு நேராக்குங்கள். ஒரு திசையில் சரியாகவும் இன்னொன்றில் வெகுவாகத் தப்பாகவும் இருந்தால் அளவீடு கெட்டிருக்கிறது. மறுபடி அளவீடு செய்யுங்கள், ஆனால் சட்டைப்பையில் போனும் கையில் கடிகாரமும் பெல்ட்டில் இரும்பு பக்கிளும் இல்லாமல். ஹாஸ்டல் பைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று செய்துவிட்டு "கேலிபரேட் பண்ணியும் சரியாகலை" என்று வருவார்கள்.

தரையில் நான்கு திசையும் சரி, பறக்கும்போதுதான் வட்டம் என்றால் குற்றவாளி மின்னோட்டம். மோட்டார்கள் இழுக்கும் ஆம்பியர் அதிகரிக்கும்போது தடித்த ஒயர்களைச் சுற்றி உருவாகும் காந்தப்புலம் காம்பஸை இழுக்கிறது. லாகில் காம்பஸ் அளவையும் த்ராட்டில் அளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். த்ராட்டில் ஏறும்போதெல்லாம் காம்பஸும் கூடவே ஏறி இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது. எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் காம்பஸ்மாட் சோதனை இருக்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே குறுக்கீடு வந்தால் விட்டுவிடலாம், 60ஐத் தாண்டினால் காம்பஸ் இருக்கும் இடம் தப்பு. இந்தச் சோதனைக்கு ப்ராப்களை மாற்றி மாட்டி, காற்று மேல்நோக்கித் தள்ளும்படி வைத்து, ட்ரோன் தரையில் அழுந்தி நிற்க மோட்டாரை ஓட்ட வேண்டும். ப்ராப்போடு செய்கிற வேலை என்பதால் ஆய்வகப் பொறுப்பாளர் பக்கத்தில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

செலவில்லாத தீர்வு: பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள், நீளம் அதிகமிருந்தால் குறையுங்கள். கொஞ்சம் செலவு: ஜிபிஎஸ் கம்பத்தை உயர்த்துங்கள். இரும்புத் திருகுக்குப் பதிலாக நைலான் திருகு போடுங்கள். போர்டுக்குள்ளேயே இருக்கும் காம்பஸ் மின்சாரத் தட்டுக்கு அருகில் இருப்பதால், வெளிக் காம்பஸ் நன்றாக வேலை செய்யும்போது உள்ளதை அணைத்துவிடலாம். இத்தனைக்கும் பிறகுதான் புதிய ஜிபிஎஸ் வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

வட்டம் இல்லை, நின்ற இடத்திலிருந்து திடீரென்று பத்தடி தாவுகிறது என்றால் அது வேறு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. இடத்தை மாற்றுங்கள்.

## அறிகுறி: நடுக்கம், மோட்டார் சூடு, உயரம் தானாக ஏறுவது

மூன்றும் தனித்தனிப் புகாராக வரும், வேர் பெரும்பாலும் ஒன்று: அதிர்வு. குறிப்பாக ஆல்ட் ஹோல்டில் விட்டதும் ட்ரோன் யார் பேச்சையும் கேட்காமல் மேலே ஏறிக்கொண்டே போனால் அதிர்வைத்தான் முதலில் பாருங்கள். ஆக்சிலரோமீட்டர் அதிர்வில் குழம்பி, ட்ரோன் கீழே விழுவதாக நினைத்து மேலே தள்ளுகிறது. ஸ்டெபிலைஸுக்கு மாற்றி, த்ராட்டிலை நிதானமாகக் குறைத்து இறக்குங்கள்.

லாகில் வைப் என்ற பகுதியைப் பாருங்கள். மூன்று அச்சிலும் 30க்குள் இருந்தால் நல்லது, 60ஐத் தாண்டினால் உயரமும் இடமும் பிடிப்பதில் கட்டாயம் தகராறு வரும். கிளிப்பிங் (சென்சார் தன் எல்லையைத் தொட்ட) எண்ணிக்கை பறக்கப் பறக்க ஏறிக்கொண்டே போனாலும் அதே கதைதான்.

காரணங்களில் மலிவானது ப்ராப். நுனியில் ஒரு சின்னக் கீறல் போதும். புல்லில் இறங்கியபோது பட்டது என்று விட்டுவைத்த ப்ராப்பைத் தூக்கிப் போடுங்கள். புதியதையும் பேலன்சரில் வைத்து, கனமான பக்கத்துக்கு எதிரே செலோடேப் ஒட்டிச் சமன்செய்யுங்கள். அடுத்து ஃப்ரேமின் கைகள். எஃப்450 நைலான் கையில் திருகுத் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் விழும். வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து மோட்டார் தண்டு: ப்ராப் இல்லாமல் சுற்றவிட்டு பக்கவாட்டிலிருந்து பார்த்தால், வளைந்த தண்டின் நுனி மங்கலாகத் தெரியும். கடைசியாகப் போர்டு ஒட்டியிருக்கும் விதம். நேராகத் தட்டில் திருகியிருந்தால் நுரை டேப்பில் மாற்றுங்கள். ஒயர்கள் விறைப்பாக இழுத்துக்கொண்டிருந்தால் நுரை போட்டும் பயனில்லை, அதிர்வு ஒயர் வழியாக வந்து சேரும்.

நம்மூர் வெயிலுக்கென்று ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் கம்பம், பேட்டரித் தட்டு எல்லாம் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் போட்டிருப்பீர்கள். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கறுப்பு நிறத்தில் அச்சிட்டு மே மாதம் மொட்டைமாடியில் வைத்தால் கம்பம் மெல்லத் தலைசாயும். பெட்ஜியிலோ ஏபிஎஸ்ஸிலோ அச்சிடுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகும் நடுங்கினால்தான் பிஐடி. நுண்ணிய, காதுக்குக் கேட்கும் வேக நடுக்கமும் சூடான மோட்டாரும் என்றால் டி அல்லது பி அதிகம், குறையுங்கள். காற்றில்லாத நாளில் ஆட்டோட்யூனை (ட்ரோனே பறந்து பார்த்து அளவுகளைச் சரிசெய்வது) ஓடவிடுவது நம் கைக்கணக்கைவிடப் பெரும்பாலும் மேல். ஆனால் அதிர்வைச் சரிசெய்யாமல் ஆட்டோட்யூன் போட்டால் அது அந்த அதிர்வோடு சேர்த்தே ட்யூன் செய்துவைக்கும்.

## அறிகுறி: நடுவானில் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தது

பொறுக்கி எடுத்ததும் பேட்டரியைக் கழற்றி, தனியாகத் திறந்த வெளியில் வையுங்கள். அடிபட்ட லைபோ கொஞ்ச நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். அப்புறம் லாக். அது எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

லாக் ஆகாயத்திலேயே அறுந்துபோனது. கடைசிப் பதிவில் உயரம் 12 மீட்டர் என்று இருந்து, அதற்குமேல் ஒன்றுமில்லை என்றால் போர்டுக்கு மின்சாரம் நின்றிருக்கிறது. பவர் மாட்யூலின் ஆறு பின் ஒயரை ஆட்டிப் பாருங்கள். எக்ஸ்டி60 சால்டரைப் பாருங்கள். போர்டிலிருந்தே சர்வோவுக்கோ கேமராவுக்கோ மின்சாரம் எடுத்திருந்தால் அதைத் தனி பெக்குக்கு (பேட்டரி வோல்ட்டைக் குறைத்துத் தரும் சிறு சுற்று) மாற்றுங்கள்.

லாக் தரைவரை இருக்கிறது, மோடும் மாறவில்லை. கேட்ட சாய்வையும் நடந்த சாய்வையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்துகொண்டிருந்து ஒரு கணத்தில் பிரிந்தால், அதே கணத்தில் மோட்டார் வெளியீடுகளைப் பாருங்கள். ஒன்று உச்சத்துக்குப் போய், எதிர்மூலை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தால், உச்சத்துக்குப் போன மோட்டார்தான் தள்ளாமல் போனது. "வேகமாச் சுத்தின மோட்டார்தான் கவுத்துச்சு" என்று எல்லோரும் தலைகீழாகப் படிக்கும் இடம் இது. போர்டு அந்த மூலையைத் தூக்க முழுக் கட்டளையும் கொடுத்தும் அது தூக்கவில்லை என்று பொருள்.

அந்த மூலையில் ப்ராப் இருக்கிறதா, நட்டு இருக்கிறதா? புல்லட் இணைப்பு கழன்றிருக்கிறதா? இணைப்பை மூடியிருக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை பழுப்பேறியிருந்தால் அங்கே சால்டர் சூடாகியிருக்கிறது. இஎஸ்சியை அழகுக்காகக் கறுப்பு டேப்பில் சுற்றியிருந்தால் அவிழுங்கள், அதற்குக் காற்று வேண்டும். எல்லாம் சரி, தரையில் மோட்டார் நன்றாகவே ஓடுகிறது என்றால் டீசிங்க் ஆகியிருக்கலாம்: த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது இஎஸ்சி மோட்டாரின் தாளத்தைத் தவறவிடுவது. விழுமுன் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். இஎஸ்சி டைமிங்கை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். மறுபடி வந்தால் அந்த இஎஸ்சியும் மோட்டாரும் சேராத ஜோடி.

பேட்டரி வோல்ட் கோடு செங்குத்தாக இறங்கியிருக்கிறது. பேட்டரிக்கு அந்த ஆம்பியரைக் கொடுக்கச் சக்தியில்லை. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

மோடு மாறியிருக்கிறது. விழவில்லை, தானாக இறங்கியிருக்கிறது. கீழே "ரிமோட் தொடர்பு அறுந்து" என்ற பகுதியில் ஃபெயில்சேஃப் (கோளாறு வந்தால் தானாக எடுக்கும் நடவடிக்கை) பற்றிப் பாருங்கள்.

கருகிய இஎஸ்சியைப் பிரித்து அதிலுள்ள மாஸ்ஃபெட் சிப்பை மாற்றிப் பிழைக்கவைக்கலாம் என்று கிளப்பில் எப்போதும் ஒருவர் சொல்வார். கற்றுக்கொள்ள மேஜையில் செய்யட்டும். பறக்கும் ட்ரோனில் புதியதைப் போடுங்கள். ஆள்மேலோ வண்டிமேலோ விழுந்திருந்தால் உங்கள் ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திவிட்டு, லாகை யாரும் தொடாமல் துறைப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

## அறிகுறி: பறக்கும் நேரம் பாதியாகிவிட்டது

கணக்கு முதலில். 5000 எம்ஏஹெச் பேட்டரியில் 80 சதவீதம்தான் எடுக்கலாம், அதாவது 4 ஆம்பியர்-மணி. நின்று பறக்க 20 ஆம்பியர் இழுத்தால் 12 நிமிடம். கணக்கே 12 சொல்லும்போது 25 நிமிடத்தை எதிர்பார்த்துவிட்டு பேட்டரியைத் திட்டக்கூடாது.

கணக்குக்கும் குறைவாக வந்தால் முழு சார்ஜில் செல் செல்லாக அளந்து பாருங்கள். ஒவ்வொன்றும் 4.2 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு செல் மட்டும் பறந்து இறங்கியதும் மற்றவற்றைவிட வெகுவாக இறங்கியிருந்தால் அந்த பேக் முடிந்தது. செமஸ்டர் லீவுக்கு முழு சார்ஜோடு அலமாரியில் பூட்டிவிட்டுப் போவதுதான் கல்லூரி பேட்டரிகளைக் கொல்கிறது. செல்லுக்கு 3.8 வோல்ட்டில் ஸ்டோரேஜ் சார்ஜ் போட்டு வையுங்கள்.

உப்பிய பேக்கை சார்ஜ் போடாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்காதீர்கள். மணல் போட்ட உலோகப் பெட்டியில் வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் சேர்க்கச் சொல்லி ஆய்வகத்தில் கொடுங்கள்.

## அறிகுறி: ரிமோட் தொடர்பு அறுந்து, தானாக எங்கோ போகிறது

ப்ராப் இல்லாமல் ஆர்ம் செய்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். திரையில் ஃபெயில்சேஃப் என்று வர வேண்டும். வரவில்லை என்றால் அந்த ட்ரோன் இன்று பறக்கக்கூடாது. மலிவான சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்தாலும் கடைசியாக வந்த கட்டளையையே போர்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும், போர்டுக்கு ஒன்றும் தெரியாது. தொடர்பு போனால் த்ராட்டில் சேனலின் சிக்னல் அளவு 975க்குக் கீழே இறங்கும்படி ரிமோட் மெனுவில் ஃபெயில்சேஃப் வைக்க வேண்டும். சாதாரணமாகக் குச்சி அடியில் இருக்கும்போது அந்த அளவு 975க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

அப்புறம் ஆர்டிஎல் உயரம். இயல்பாக 15 மீட்டர் இருக்கும். வளர்ந்த நெட்டைத் தென்னை அதைச் சாதாரணமாகத் தாண்டும், தண்ணீர்த் தொட்டியும்தான். ஃபெயில்சேஃப் சரியாக வேலை செய்து, சமர்த்தாகத் திரும்பி, நேரே மரத்துக்குள் போய் உட்கார்ந்த ட்ரோன்கள் உண்டு. உங்கள் வளாகத்தின் உயரமான பொருளைவிட மேலே வையுங்கள், அனுமதித்த உயரத்துக்குள்.

## அறிகுறி: மேம்படுத்தினோம், முன்பைவிட மோசமாகப் பறக்கிறது

எதை மாற்றினீர்கள் என்பதுதான் இங்கே கிளை.

ஃபர்ம்வேர் என்றால் பழைய பாராமீட்டர் கோப்பை மிஷன் பிளானரில் ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் மாறிய அளவுகள் இயல்புநிலைக்குப் போயிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு பழையதை மொத்தமாக ஏற்றாதீர்கள்.

பெரிய ப்ராப் என்றால் முதல் பறப்பு இரண்டு நிமிடம் போதும். இறக்கி மோட்டாரையும் இஎஸ்சியையும் தொட்டுப் பாருங்கள், விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஆம்பியர் எல்லை தாண்டியிருக்கிறது. ப்ராப் பெரிதானால் பழைய ட்யூனிங்கும் பொருந்தாது. ஆட்டோட்யூன் மறுபடி.

4எஸ்ஸிலிருந்து 6எஸ்ஸுக்குப் போனீர்களா? மோட்டார், இஎஸ்சி இரண்டும் தாங்குமா என்று பார்த்திருப்பீர்கள். பவர் மாட்யூலை மறந்திருப்பீர்கள். பழைய மாடல்கள் பல 4எஸ் வரைதான். பேட்டரி ஃபெயில்சேஃப் எல்லையும் 4எஸ் கணக்கிலேயே கிடக்கும், பேக் வற்றிப்போகும்வரை எச்சரிக்கையே வராது.

கேமராவும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியும் ஏற்றிய பிறகு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்றால் யூஎஸ்பி 3 ஒயரையும் ஹெச்டிஎம்ஐ ஒயரையும் சந்தேகப்படுங்கள். அவற்றின் இரைச்சல் ஜிபிஎஸ் அலைவரிசையிலேயே விழும். ராஸ்பெர்ரி பையை இயக்கியும் அணைத்தும் எண்ணிக்கையை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். செப்புப் படலம் சுற்றுங்கள், ஜிபிஎஸ்ஸைத் தள்ளி வையுங்கள். எடைமையம் முன்னால் போயிருந்தால் லாகில் முன்னிரண்டு மோட்டார்களும் எப்போதும் அதிகமாக உழைத்துக்கொண்டிருக்கும். பேட்டரியைப் பின்னால் நகர்த்தினால் போதும். நின்று பறக்கவே த்ராட்டில் 60 சதவீதத்துக்கு மேல் கேட்டால் நகர்த்திப் பயனில்லை. எடையைக் குறையுங்கள், அல்லது மோட்டாரை மாற்றுங்கள்.

மாற்றி முடித்ததும் பேட்டரியோடு சேர்த்துத் தராசில் வையுங்கள். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. அதைத் தாண்டினால் 25 கிலோ வரை ஸ்மால். 1.9 கிலோவில் இருந்த ட்ரோன் ஒரு கேமராவோடு அடுத்த வகைக்குப் போய்விடும். கல்வி நிறுவனங்களின் ஆராய்ச்சிப் பறப்புக்கு விதிகளில் சலுகை இருக்கிறது, ஆனால் அது முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில், நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் பறப்பதற்குத்தான். வெளியூர்ப் போட்டிக்கோ வயல்வெளிக்கோ கொண்டுபோவதானால், அந்த எடைக்கு என்னென்ன பதிவும் பைலட் சான்றிதழும் வேண்டும் என்று டிஜிசிஏ (விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்) அங்கீகரித்த பயிற்சி மையத்தில் கேட்டுக்கொண்டு, அங்கே சான்றிதழ் பெற்ற ஒருவர் கையில் ரிமோட்டைக் கொடுங்கள்.